"காலி பண்ணு" என்று சொன்னால் பண்ணித்தான் ஆகணுமா?

(சட்டம் அறிவோம் பகுதி - 10 ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு)

சமூக அறிவியல் சார் "சட்டம் அறிவோம் பகுதிக்கு இந்த மாதம் யார் எழுதுவது?" என்று கேட்டபோது நான்தான் முதலில் கை தூக்கினேன். வழக்கமாக நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்ளும் ஆள். இந்தத் தடவை கை தூக்கக் காரணம் இருந்தது.

எங்கள் வீடு வாடகை வீடு. மாதம் 6,000 ரூபாய், அட்வான்ஸ் 30,000. போன ஜூன் மாதம் அப்பா 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டார். கார்த்திகை மாதம் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். "மகன் ஊருக்கே வர்றான். மார்கழியில வீடு மாத்தக் கூடாது. அதனால மார்கழி பிறக்கறதுக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார். எங்களுக்குச் சாஸ்திரம் பார்த்துக் கொடுத்த மாதிரி! மகன் வரவில்லை, 9,000 ரூபாய்க்கு வேறு ஆள் கிடைத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், எனக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு.

அப்பா "பரீட்சை முடியட்டும்" என்று கேட்டுப் பார்த்தார். நாலாவது நாள் மோட்டார் ஓடவில்லை. கேட்டால் "ரிப்பேர்" என்றார். மேல் வீட்டில் அவர்கள் குழாயில் மட்டும் தண்ணீர் வந்தது. மூன்று நாள் தெருக்குழாயில் நானும் தம்பியும் குடம் தூக்கினோம்.

அப்போது அம்மாவுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. 1987 ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். (15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) அப்பா போனால் வருமானச் சான்று அது இது என்று கேட்பார்கள் என்று அம்மாவே போனார். துணைக்கு நான். அங்கே இருந்த வக்கீல் அக்கா சொன்னதையும், பிறகு சார் கொடுத்த சட்டப் பிரதியில் படித்ததையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் ரொம்ப காலம் இருந்தது. அதற்குப் பதிலாக 2017 இல் ஒரு புதிய சட்டம் போட்டார்கள். பெயர் கொஞ்சம் நீளம்: தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். மூச்சு வாங்குகிறதா? 2019 பிப்ரவரி 22 முதல் இது நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டப்படி துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். அவருக்கு மேலே வாடகை நீதிமன்றம், அதற்கும் மேலே வாடகைத் தீர்ப்பாயம்.

இதில் முக்கியமான விஷயம், ஒப்பந்த காலம் முடிவதற்குள் வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. சட்டத்தில் சொன்ன காரணம் ஏதாவது இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும் வாடகை நீதிமன்றத்தில் போய் நிரூபித்து உத்தரவு வாங்க வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்து ஒரு மாதம் ஆகியும் கட்டாமல் இருப்பது ஒரு காரணம். வீட்டை வேறு ஆளுக்குக் கைமாற்றி விடுவது, இடித்துக் கட்டவோ பெரிய ரிப்பேர் செய்யவோ வீடு தேவைப்படுவது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை, இவையும் உண்டு. "அப்போ மகன் வர்றது காரணம்தானே?" என்று நான் கேட்டேன். "காரணம்தான். ஆனா அதை கோர்ட்டில் சொல்லணும். மோட்டார் சுவிட்சில் சொல்லக் கூடாது" என்றார் வக்கீல் அக்கா. அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

தண்ணீர் விஷயத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, 20 ஆவது பிரிவு. தண்ணீர், கரண்ட், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசியச் சேவைகளை வீட்டுக்காரர் தானாகவும் நிறுத்தக் கூடாது, ஆள் வைத்தும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், உடனே திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். அதே மாதிரி வீட்டைப் பார்க்க வருவதற்கும் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிவரை வருவார்!

பூட்டைப் போட்டு சாமானைத் தெருவில் எறிந்தால்? அதற்கும் வழி உண்டு. 1963 ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6 ஆவது பிரிவுப்படி, சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம். வீட்டின் சொந்தக்காரரே வெளியேற்றியிருந்தாலும் இது பொருந்தும். குடியிருக்க உரிமை இல்லாத ஆளாகவே இருந்தாலும், நிலையாகக் குடியிருப்பவரைச் சட்ட வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 1989 இல் சொல்லியிருக்கிறது.

இதெல்லாம் கேட்டு எனக்கு ஒரே குஷி. ஜெயித்தாச்சு என்றே நினைத்தேன். அப்புறம் வக்கீல் அக்கா எங்கள் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதை வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணலையா?" என்றார். அம்மா முழித்தார். நானும் முழித்தேன்.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தை 1908 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து வந்ததுதான் இந்த 11 மாதக் கணக்கு. ஆனால் புதிய சட்டத்தில் 11 மாதமாக இருந்தாலும் எழுத்தில் போட்டு, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் ஒன்று தருவார்கள். பதிவு இல்லாத பத்திரத்தை நம்பி உரிமை கேட்பது கஷ்டம். ஒப்பந்தமே போடாமல் குடியிருந்தால் இன்னும் மோசம். ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. நல்லவேளை, மாதாமாதம் வாடகையை ஜிபேயில் போட்டிருந்தார், அது சாட்சியாக இருந்தது. (வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். அவர் வாங்கலையே என்று சும்மா இருந்துவிட்டால் பாக்கி நம் பெயரில்தான் ஏறும்.)

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. எங்கள் மாமா வீட்டில் குடியிருந்த ஒருவர் எட்டு மாதம் வாடகை தராமல் இருந்தார். மாமா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பத்திரம் பதிவாகாததால் வழக்கு என்று போவதைவிட முதலில் பேசிப் பார்ப்போம் என்றார் வக்கீல் அக்கா. குழுவிலிருந்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போனது. கடிதம் போன மறுநாளே மோட்டார் ரிப்பேர் தானாகச் சரியாகிவிட்டது! பிறகு இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினார்கள். ஏப்ரல் 30 வரை இருக்கலாம், அதுவரை வாடகை ஏற்றக் கூடாது, சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அட்வான்ஸ் பற்றிச் சட்டத்தில் இருப்பதும் இதுதான். நம் பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸே மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கள் கணக்குக்கு 18,000 தான். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பேன் என்று அவர் சொன்னபோது, "செலவு பண்ணின பில்லைக் காட்டுங்க" என்றார் அம்மா. அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

இப்போது ஜனவரி. தண்ணீர் வருகிறது. மாடிப்படியில் வீட்டுக்காரரைப் பார்த்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீடு தேடுகிறார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று பார்த்திருக்கிறோம், பள்ளிக்கு ஒரு பஸ் பிடித்து வர வேண்டும். அந்த வீட்டுக்காரம்மாவிடம் அப்பா முதலில் கேட்ட கேள்வி, "ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணச் சம்மதமா?" என்பதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.