டேங்க்ல எத்தனை லிட்டர்னு கேட்காதீங்க, எத்தனை நிமிஷம்னு கேளுங்க

அடுத்த தடவை பெரிய மார்க்கெட் பக்கம் மளிகை வாங்கப் போனா, ஒரு கடலை எண்ணெய் பாக்கெட்டை எடுத்து லேபிளைப் படிச்சுப் பாருங்க. 1 லிட்டர்னு இருக்கும், பக்கத்துலயே 910 கிராம்னும் இருக்கும். லிட்டர் வேற, கிலோ வேற. சமையலறையில் இந்த வித்தியாசம் பெரிசா தெரியாது. விமானத்தில் இதுவே உயிர்ப் பிரச்சனை.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானத்தில் எரிபொருள் கேஜ் வேலை செய்யவில்லை. டேங்கை அளந்து, கையால் கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க சுமார் 0.8 ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77 ஆல். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். ஆக, டேங்கில் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது சுமார் 10,100 கிலோ. பாதிகூட இல்லை. நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றன. மிதந்தபடியே வந்து, கிம்லி என்ற பழைய விமானத் தளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

சின்ன விமானத்தில் கணக்கு

பயிற்சிக்கும் சொந்த உபயோகத்துக்கும் பிரபலமான செஸ்னா 172எஸ்-ஐ எடுத்துக்குவோம். இரண்டு இறக்கையிலும் சேர்த்து 56 அமெரிக்க கேலன் பிடிக்கும். அதில் 3 கேலன், சுமார் 11 லிட்டர், எஞ்சினுக்குப் போய்ச் சேரும் என்று நம்பக்கூடாத அடித்தங்கல். பயன்படுவது 53 கேலன், சுமார் 200 லிட்டர். சீராகப் பறக்கும்போது மணிக்கு சுமார் 34 லிட்டர் குடிக்கும், வேகம் மணிக்கு சுமார் 220 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து திருச்சி, நேர்கோட்டில் சுமார் 180 கி.மீ. எதிர்காற்று மணிக்கு 40 கி.மீ. என்றால் தரை வேகம் 180 தான்.

- ஸ்டார்ட் செய்து, ஓடுபாதைக்குப் போய், மேலே ஏற: 6 லிட்டர்
- திருச்சி வரை 60 நிமிஷம்: 34 லிட்டர்
- அங்கே இறங்க முடியாவிட்டால் பின்காற்றோடு புதுச்சேரி திரும்ப 42 நிமிஷம்: 24 லிட்டர்
- ரிசர்வ் 30 நிமிஷம்: 17 லிட்டர்

மொத்தம் 81. அடித்தங்கல் 11-ஐயும் சேர்த்தால் டேங்கில் இருக்க வேண்டியது 92 லிட்டர். இது குறைந்தபட்சம். அனுபவசாலிகள் இதற்கு மேலேயே நிரப்புவார்கள்.

பைக்கில் ரிசர்வ் விழுந்தால் பங்க் வரைக்கும் தள்ளிட்டாவது போகலாம். வானத்தில் அது முடியாது. அதனால்தான் தரையைப் பார்த்து ஓட்டும் விமானங்களுக்கு, பகலில் 30 நிமிஷமும் இரவில் 45 நிமிஷமும் ரிசர்வ் வேண்டும் என்று ஐகாவோ சொல்கிறது.

கிளம்பும் முன் சோதனை

1. கேஜை மட்டும் நம்பாதீங்க. இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, டிப் ஸ்டிக் விட்டு அளங்க.

2. அடியில் இருப்பதைப் பாருங்க. பாதி காலியான டேங்கில், ராத்திரி குளிர்ந்ததும் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியலாம். கடலோர ஊரில் இதில் கூடுதல் கவனம் வேணும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தங்கும். 172எஸ்-இல் 13 வடிகால் வால்வுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கண்ணாடிக் கப்பில் பிடிங்க.

3. நிறத்தைப் பாருங்க. 100எல்எல் விமான பெட்ரோல் நீலமாக இருக்கும். கப் முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் நடுவில் கோடு தெரியாது, நிறமில்லாமல் இருப்பதுதான் அடையாளம். மண்ணெண்ணெய் வாசனை வந்தால் ஜெட் எரிபொருள் கலந்திருக்கலாம். பறக்கவே கூடாது.

4. மூடி, காற்றுக்குழாய். மூடி சரியாக இறுகாவிட்டால், பறக்கும்போது காற்றே எரிபொருளை உறிஞ்சி வெளியே இழுத்துவிடும். காற்றுக்குழாயில் குளவி கூடு கட்டினால் எரிபொருள் ஓட்டம் தடைபடும்.

மேலே போன பிறகு

1993 நவம்பர் 15. சென்னையிலிருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ300 விமானம், மோசமான வானிலையால் அங்கே இறங்க முடியாமல் மேலே ஏறியது. இறக்கையின் பின்பக்கத் தகடுகளான ஃபிளாப்ஸ் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டன. அப்படியே சென்னைக்குத் திரும்பினார்கள். ஃபிளாப்ஸ் நீட்டியபடி பறந்தால் காற்றுத்தடை கூடும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எரிபொருள் அதிகம் போகும். சென்னை வரும் முன்பே எரிபொருள் தீர்ந்து, திருப்பதி அருகே நெல் வயலில் இறக்க வேண்டியதாயிற்று. 262 பேரும் உயிர் தப்பினார்கள்.

இதில் நமக்கான பாடம்: தரையில் போட்ட கணக்கு, தரையில் நினைத்த நிலைமைக்கு மட்டும்தான். காற்று மாறினால், உயரம் மாறினால், விமானத்தின் நிலை மாறினால், புதுசா கணக்குப் போடணும். வாட்சைப் பார்த்து, அரைமணிக்கு ஒருமுறை "இன்னும் எத்தனை நிமிஷம் பறக்கலாம்?" என்று எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

இப்போ உங்க முறை. புதுச்சேரியிலிருந்து மதுரை சுமார் 290 கி.மீ. எதிர்காற்று 20 கி.மீ. மற்றதெல்லாம் மேலே சொன்ன மாதிரியே. டேங்கில் குறைந்தது எத்தனை லிட்டர் வேணும்? 124 பக்கத்தில் வந்தால் உங்க கணக்கு சரி. 113 வந்தால் அடித்தங்கலை மறந்துட்டீங்க.