பட்டமும் பாராட்டும்

பல்கலைக்கழகங்கள், கலை, அறிவியல், பொதுத்தொண்டு ஆகியவற்றில் சிறந்தோருக்குத் தேர்வோ ஆய்வேடோ இன்றி மதிப்புறு முனைவர் பட்டம் வழங்குவதுண்டு. விளையாட்டில் புகழ்பெற்றோருக்கும் அப்பட்டம் வழங்கப்படுகிறது.

கிரிக்கெட் வீரர் ராகுல் டிராவிட் டெஸ்ட் போட்டிகளில் 13,288 ஓட்டங்கள் எடுத்தவர். 2017-ஆம் ஆண்டு பெங்களூருப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முன்வந்தது. அவர் நன்றி கூறி, அதனை ஏற்க மறுத்தார். விளையாட்டுத் துறையில் ஆய்வு செய்து அப்பட்டத்தைப் பெறவே தாம் விரும்புவதாகத் தெரிவித்தார்.

வீரரின் பல்லாண்டுப் பயிற்சியும் தவமே. அதனைப் பல்கலைக்கழகம் போற்றுவது தகும். ஆயினும், ஆய்வாளர் அரிதின் முயன்று பெறும் பட்டத்தின் பெயரிலேயே அப்பாராட்டு அமைய வேண்டுவதில்லை. தாம் எடுக்காத ஓட்டம் வீரரின் கணக்கில் சேர்வதில்லை. கல்விக்கும் அந்நெறி பொருந்தும். வீரரின் பெயரால் மாணவருக்கு உதவித்தொகை நிறுவினால், அவர் புகழும் நிலைக்கும், இளையோரும் பயன்பெறுவர்.

அருஞ்சொற்பொருள்: தகும் – பொருத்தமாகும்; அரிதின் முயன்று – கடினமாக உழைத்து.

வினாக்கள்:
1. டிராவிட் பட்டத்தை ஏற்க மறுத்தபோது தெரிவித்த விருப்பம் யாது?
2. வீரரைப் போற்ற இப்பாடம் கூறும் வழி யாது?
3. இக்கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தந்து ஐந்து வரிகளில் எழுதுக.