பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்: போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து நம் அலுவலகத்துக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பது இது: "பாய், எங்க வீட்டு கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. கடையில கேட்டா புதுசு வாங்கணும்ங்கறாங்க. நிஜமா?"

பாதி நிஜம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் மெஷினாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய மெஷின்கள் அநேகமாக இதில் தேறாது. அதனால் அந்த மெஷின் கெட்டுப்போனது என்று ஆகிவிடாது. பிள்ளைகள் படிக்கவும், ஆன்லைனில் விண்ணப்பம் போடவும், பயோடேட்டா தட்டவும் அது இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாராளமாகப் போதும். அதற்கு வழி லினக்ஸ்.

1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும், பிறருக்கு நகலெடுத்துத் தரவும் அனுமதி உள்ளது. காசு கொடுக்காத விண்டோஸ் நகலைக் கடைக்காரர் போட்டுத் தருவது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. அதில் அடுத்தவர் ஹக்கு இருக்கிறது. வைரஸும் சேர்ந்தே வருகிறது. லினக்ஸில் அந்த உறுத்தல் இல்லை. பக்கத்துக் கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக இதில்தான் படிக்கிறார்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. முதன்முதலாக மாறுபவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் போலவே கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்பதால் வீட்டுப் பெரியவர்களும் தடுமாறுவதில்லை. 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாக ஓடும். பழைய மெஷினுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால், சுழலும் ஹார்டு டிஸ்க்கை மாற்றி ஓர் எஸ்எஸ்டி போடுங்கள். வேகத்தைப் பொறுத்தவரை ராம் கூட்டுவதைவிட இதற்குத்தான் பலன் அதிகம் என்பது எங்கள் அனுபவம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் எங்களுக்கு நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். "ஃபைலெல்லாம் காப்பி எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டோம். "எடுத்துட்டேன் பாய்" என்றார் அந்தச் சகோதரி. அவர் எடுத்தது டெஸ்க்டாப்பில் இருந்தவற்றை மட்டும். மகளின் நிக்காஹ் படங்கள் டி டிரைவில் இருந்தன. நாங்களும் திறந்து பார்க்கவில்லை. டிஸ்க்கை அழித்து நிறுவும் தேர்வைக் கொடுத்தோம். அந்தத் தேர்வு சி டிரைவை மட்டும் அழிப்பதில்லை; டி, இ என்று அந்த டிஸ்க்கில் இருக்கும் எல்லாமே போய்விடும். பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாதிப் படங்களை மீட்டோம். பெயர் இல்லை, தேதி வரிசை இல்லை, வெறும் எண்கள். மீதிப் பாதி போனது போனதுதான். தவறு எங்களுடையது. இப்போது ஒவ்வொரு டிரைவையும் வீட்டுக்காரரை உட்காரவைத்துத் திறந்து காட்டாமல் நாங்கள் கை வைப்பதில்லை. எடுத்த நகலை வேறொரு மெஷினில் போட்டு, நாலைந்து படம் திறக்கிறதா என்றும் பார்க்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எளிது. மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள் (பென் டிரைவில் இருப்பதும் அழிந்துவிடும்). மெஷினை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் எஃப் 12ஐத் தட்டுங்கள். சில கம்பெனி மெஷின்களில் அது எஃப் 9 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே மின்ட் திறக்கும். உடனே நிறுவ வேண்டாம். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று அரை மணி நேரம் புழங்கிப் பாருங்கள். சில சிறிய லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் பாடாய்ப் படுத்தும். அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கடைக் கணக்கை டாலியில் வைத்திருப்பவர்கள், போட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவர்கள் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவி, ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். அதற்கு முன் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைக்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. அந்த விண்டோஸுக்கு வழக்கமான புதுப்பிப்பு வராது என்பதால் அதில் கணக்கு வேலை மட்டும் பாருங்கள். வங்கி, ஈமெயில் போன்றவற்றை மின்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்டு, எக்செல் ஃபைல்களை மின்ட்டோடு வரும் லிப்ரே ஆஃபீஸ் திறக்கும். அட்டவணை நிறைந்த ஃபைல்களில் கட்டங்கள் சற்று நகரலாம். தமிழ் தட்ட, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99ஐச் சேர்த்துக்கொண்டால் போதும். சிக்கல் பழைய தமிழ் ஃபைல்களில்தான். பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டிய ஜமாஅத் நோட்டீஸ்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடாதீர்கள். விண்டோஸில் இருக்கும்போதே அந்த எழுத்துரு ஃபைல்களையும் நகலெடுத்து வைத்து, மின்ட்டில் நிறுவினால் பழையபடி தெரியும். முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைப்பது இன்னும் நல்லது.

தனியாகச் செய்யத் தயங்குபவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலக மாடிக்கு மெஷினையும் சார்ஜரையும் எடுத்து வாருங்கள். கட்டணம் இல்லை. நகலெடுக்க ஒரு காலி ஹார்டு டிஸ்க் அவசியம் கொண்டு வரவும். அது இல்லாமல் வந்தால் மெஷினை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.