சுருட்டை முடி: பேணும் முறையும் மஸ்அலாக்களும்

அல்லாஹ் தஆலா தன் அடியார்களை ஒரே அச்சில் வார்க்கவில்லை. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக சூரத்துர் ரூம் 22-ஆவது ஆயத்தில் நமக்கு நினைவூட்டுகிறான். நிறத்தைப் போலவேதான் முடியும். ஒருவருக்குப் படிந்த முடி, ஒருவருக்கு அலை அலையான முடி, ஒருவருக்கு மிளகைப் போல் சுருண்ட முடி. கொடுத்தவன் ஒருவனே.

ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? தேவதானப்பட்டியானாலும் பெரியகுளமானாலும் கம்பமானாலும், சுருண்ட முடியோடு பிறந்த பெண் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே ‘பரட்டை’ என்று பெயர் வைத்து விடுகிறோம். உறவினர் கூடும் இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறோம். கலியாணப் பேச்சு வந்ததும், முடியை நீட்டி விட வேண்டும் என்று அழகு நிலையத்திற்கு அழைத்துச் சென்று ஆயிரக் கணக்கில் செலவு செய்கிறோம். பிள்ளையின் மனம் புண்படுகிறது, முடியும் கெடுகிறது. பட்டப் பெயர் சொல்லி அழைப்பதை சூரத்துல் ஹுஜுராத் 11-ஆவது ஆயத் தடுத்திருப்பதை நாம் மறந்து விடுகிறோம்.

இம்மாதப் பாடத்தில் சுருட்டை முடியைச் சூடு காட்டாமல் அழகாக அமைக்கும் முறையையும், அதனுடன் சேர்ந்து வரும் ஒளூ, குளிப்பு மஸ்அலாக்களையும் பார்ப்போம்.

ஹதீஸ்களில் முடி

நாயகம் (ஸல்) அவர்களின் முடி மிகச் சுருண்டதாகவும் இல்லை, முற்றிலும் படிந்ததாகவும் இல்லை என்று ஹஜ்ரத் அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. மக்கா வெற்றியின் போது அவர்கள் நான்கு பின்னல்களுடன் வந்ததை உம்மு ஹானி (ரலி) அறிவித்துள்ளார்கள். தோள் வரை முடி வளர்ந்திருந்த அபூ கதாதா (ரலி) அதைச் சீவலாமா என்று கேட்ட போது, சீவும்படியும் அதைக் கண்ணியமாக வைத்துக்கொள்ளும்படியும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது முவத்தாவில் பதிவாகியுள்ளது. அதே சமயம், நாள் தவறாமல் சீவி அலங்கரிப்பதிலேயே மூழ்கி விடுவதையும் நாயகம் (ஸல்) விரும்பவில்லை. பேணுதலும் வேண்டும்; அளவும் வேண்டும்.

இறுகச் சுருண்ட முடி நம் நாட்டு முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. குஜராத்தின் ஜாம்பூர், ரத்தன்பூர் முதலிய ஊர்களில் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வம்சத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். அகமதாபாத்தில் கல் ஜன்னல் வேலைப்பாட்டுக்குப் புகழ் பெற்ற சித்தி சையத் பள்ளிவாசல் 1573-ல் அமைந்தது. அகமது நகர் அரசைத் தாங்கி நின்று 1626-ல் மறைந்த மாலிக் அம்பர், எத்தியோப்பியாவில் பிறந்தவர். முதல் முஅத்தினான ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களின் வம்சமும் அபிசீனியாதானே!

முடி ஏன் சுருள்கிறது?

முடி முளைக்கும் குழி வட்டமாயிருந்தால் முடி நேராக வளர்கிறது. குழி தட்டையாகவும் வளைந்தும் இருந்தால் முடி சுருண்டு வருகிறது. தலைத் தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் நேரான முடியில் எளிதாக வழிந்து நுனியைச் சேரும். சுருள் முடியில் ஒவ்வொரு வளைவிலும் தடைபடும். எனவே சுருட்டை முடியின் நுனி சீக்கிரம் உலர்கிறது, சிக்காகிறது, ஒடிகிறது. ஆடிக் காற்று வீசும் நாட்களில் இது இன்னும் அதிகம்.

முடியின் புரதத்தில் இருவகைப் பிணைப்புகள் உண்டு. ஒன்று வலியது, பிறவிச் சுருளை அதுவே காக்கிறது. மற்றது மெலியது, தண்ணீர் பட்டால் விடுபட்டு, உலரும் போது மீண்டும் சேர்ந்து கொள்ளும். ஈர முடியை எந்த வடிவில் வைத்து உலர்த்துகிறோமோ, அந்த வடிவில் அடுத்த கழுவல் வரை அது நிற்பது இதனால்தான். நெருப்பு தேவையில்லை, ஈரமும் பொறுமையும் போதும்.

சூட்டுக் கருவிகள் 180 முதல் 230 டிகிரி வரை கொதிக்கின்றன. தண்ணீர் கொதிக்க 100 டிகிரியே போதும். ஈர முடியில் அக்கருவியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழி விடும். அந்த இடத்தில் முடி ஒடியும். நிரந்தரமாக நீட்டும் மருந்துகள் வலிய பிணைப்பையே குலைக்கின்றன. அவற்றில் சில, சூடு படும் போது ஃபார்மால்டிஹைடு என்னும் வாயுவை விடுகின்றன. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. காசு கொடுத்து நோயை வாங்க வேண்டுமா?

செய்யும் முறை

1. தலையைக் கழுவு முன் தேங்காய் எண்ணெயை மிதமாகத் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைப்பதாக 2003-ல் வெளியான ஆய்வு காட்டியது.

2. கழுவிய பின் துண்டால் தேய்க்காதீர்கள். பழைய பருத்திக் கைலியால் ஒற்றி எடுங்கள். முடி ஈரமாக இருக்க வேண்டும்; சொட்டக் கூடாது.

3. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கு எடுங்கள். வேரிலிருந்து இழுத்தால் முடி அறுந்து வரும். வலப் பக்கத்திலிருந்து தொடங்குவது சுன்னத்.

4. கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, முட்டை வெள்ளைக் கரு போல் வழவழப்பானதும் சூட்டோடு துணியில் வடிகட்டுங்கள். ஆறிய பின் கொஞ்சமாக எடுத்து முடியில் தடவுங்கள். மீதியைக் குளிர்ப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்திற்குள் தீர்த்து விடுங்கள்.

5. முடியைச் சிறு சிறு பிரிவுகளாக வகிர்ந்து கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவையும் இரண்டு புரியாக்கிக் கயிறு திரிப்பது போல் நுனி வரை முறுக்குங்கள். பிரிவு சிறிதானால் சுருளும் சிறிதாகும். பெரிய சுருள் வேண்டுமானால், ஒரு விரல் அகலத் துணிக் கீற்றில் முடியைச் சுற்றி, கீற்றின் இரு முனைகளையும் முடிச்சிடலாம்.

6. முற்றிலும் உலரும் வரை அவிழ்க்காதீர்கள். அடர்ந்த முடிக்கு ஓர் இரவு முழுவதும் ஆகும். பாதி ஈரத்தில் அவிழ்த்தால் சுருள் கலைந்து பம்மி விடும். ஈரத் தலையை முக்காட்டுக்குள் நெடுநேரம் மூடி வைத்தால் துர்நாற்றம் வரும். வீட்டுக்குள் காற்றாட உலர்த்துவதே நல்லது.

7. விரல் நுனியில் ஒரு துளி எண்ணெய் தொட்டுக் கொண்டு மெதுவாக அவிழ்த்து, விரலாலேயே பிரித்து விடுங்கள். அதன் பின் சீப்பு வேண்டாம்.

முறுக்கை இறுக்கிக் கட்டாதீர்கள். நெற்றி ஓரம் வலித்தாலோ சிறு கொப்புளம் கண்டாலோ உடனே தளர்த்துங்கள். நாள்தோறும் இறுகப் பின்னினால் முன் நெற்றி முடி உதிர்ந்து திரும்ப முளைக்காமல் போகக் கூடும்.

மஸ்அலாக்கள்

ஒளூ: இரவில் முறுக்கிக் கட்டிய தலையுடன் பஜ்ருக்கு எழும் சகோதரி என்ன செய்ய வேண்டும்? முறுக்கை அவிழ்க்க வேண்டியதில்லை. தலைக்கு மேல் கட்டிய துணியின் மீது மட்டும் மஸ்ஹு செய்வது ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் போதாது. துணியை விலக்கித் தலையிலேயே தடவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் தலையில் நான்கில் ஒரு பகுதியும், ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவும் பர்ளு. தொங்கும் முடியை மேலே சுருட்டிக் கட்டியிருந்தால், அந்தச் சுருணையின் மீது தடவுவது கணக்கில் சேராது. நெற்றிக்கு மேல் வேர்ப் பகுதியில் தடவிக் கொள்ளுங்கள்.

கடமையான குளிப்பு: தன் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்று உம்மு ஸலமா (ரலி) கேட்ட போது, தலையில் மூன்று கை நீர் ஊற்றினால் போதும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) பதிலளித்ததை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். வேர்களில் நீர் சேருமானால் பெண் பின்னலை அவிழ்க்க வேண்டியதில்லை என்பது ஹனஃபி மத்ஹபு. அவிழ்க்காமல் பின்னலின் உட்புறம் நீர் சேராதென்றால் அவிழ்ப்பது அவசியம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அடர்ந்த சுருள் முடிக்கு அவிழ்த்துக் குளிப்பதே பேணுதல்.

தடவும் பொருள்: ஆளி விதைக் கூழ் நீரில் கரைந்து போகும், நீரைத் தடுக்காது. மெழுகு கலந்த கெட்டிப் பசைகள் நீர் சேராமல் தடுக்குமானால், குளிப்புக்கு முன் அவற்றை நீக்கி விட வேண்டும். இஹ்ராமுக்கு முன் நாயகம் (ஸல்) அவர்களே பசை கொண்டு முடியைப் படிய வைத்திருந்தார்கள் என்பது ஹதீஸில் வருவதால், முடியில் பசை தடவுவதே கூடாதென்று எண்ண வேண்டாம்.

ஒட்டு முடி: மணமாக இருந்த தன் மகளுக்கு நோயால் முடி உதிர்ந்து விட்டது, வேறு முடி சேர்க்கலாமா என்று ஒரு தாய் கேட்டார். கலியாணத்தை முன்னிட்டும் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உள்ள முடியை முறுக்கி அழகாக்குவது வேறு. பிறர் முடியை ஒட்டித் தன்னுடையதென்று காட்டுவது வேறு. முந்தியது அடுத்த குளிப்பில் தன் இயல்புக்குத் திரும்பி விடும். அதில் ஏமாற்றும் இல்லை.

தாய்மார்களே! வெள்ளிக் கிழமைக் குளிப்புக்கு முந்திய இரவில் உங்கள் மகளை முன்னால் உட்கார வைத்து, மேற்சொன்னபடி செய்து பாருங்கள். ஒரு மணி நேரமாகும். அந்த ஒரு மணி நேரம் அவள் தலையில் உங்கள் கை இருக்கும். ‘பரட்டை’ என்ற சொல் மட்டும் உங்கள் நாவில் இருக்க வேண்டாம். பெண் பார்க்க வருகிறவர்களிடமும் அவள் முடியை உள்ளபடியே சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டாரும் முடியைக் குறை சொல்லிச் சம்பந்தத்தைத் தட்டாமல், மார்க்கத்தையும் நற்குணத்தையும் முதலில் பார்க்கட்டும்.

அல்லாஹ் நமக்குத் தந்ததைப் பொருந்திக் கொள்ளும் மனத்தையும், அதைப் பேணும் தவ்ஃபீக்கையும் அருள்வானாக! ஆமீன்.