ஒரு குருவியும் ஒரு கேள்வியும்

சிறுவர் அபூ உமைரின் சின்னக் குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைப் பற்றி அவரிடம் அன்போடு விசாரித்ததை ஹதீஸில் காண்கிறோம்.

பெற்றோரை இழந்த சிறுவர் சாலிம் அலி, தான் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன குருவி என்று கேட்டார். தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜி தட்டிக்கழிக்கவில்லை. அறிமுகக் கடிதம் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அந்தச் சிறுவரின் பெயரில்தான் நம் ஆனைகட்டியில் 1990இல் பறவையியல் மையம் அமைந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் சிங்காநல்லூர் குளத்துக்கு வலசைப் பறவைகள் வரும், கோடையில் திரும்பிவிடும். ஒரு ஞாயிறு, ஃபஜ்ருக்குப் பின் குடும்பத்தோடு போய்வாருங்கள். "இது என்ன பறவை அத்தா?" என்று பிள்ளை கேட்டால், தெரியாவிட்டாலும் "சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். சிறகு விரிக்கும் பறவைகளைச் சிந்திக்க அழைக்கும் வசனத்தையும் (67:19) அங்கேயே ஓதிக்காட்டுங்கள்.