நாணயத்தின் நாணயம்

கல்லூரி ஒன்றில் புள்ளியியல் போதிக்கத் தொடங்கிய முதல் வருஷத்தில், நிகழ்தகவுப் பரவல் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்குப் பிரத்தியட்சமாகக் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தால், ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி, பூவா தலையா என்று வரிசையாக எழுதிக்கொண்டு வரும்படி, 40 பேர் கொண்ட வகுப்பினரிடம் சொன்னேன். மறுநாள் காகிதக் கட்டைப் புரட்டியபோது ஒரு தாள் கண்ணை உறுத்தியது. அதில் 60 பூ, 40 தலை. போதாக்குறைக்கு ஓரிடத்தில் ஏழு பூ அடுத்தடுத்து வந்திருந்தது. எழுதியவனை எழுப்பி நிறுத்தி, "நாணயத்தைச் சுண்டித்தான் எழுதினாயா?" என்று கேட்டேன்.

"சுண்டித்தான் எழுதினேன், ஐயா. நாணயம் அப்படி விழுந்தால் நான் என்ன செய்வேன்?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் நம்பவில்லை.

குற்றம் சாட்டிய பிறகுதான் கணக்குப் போட்டேன். அதுவே என் முதல் பிழை. 100 முறை சுண்டினால் பூவின் எண்ணிக்கைக்குச் சராசரி 50. அதைச் சுற்றி இயல்பாக ஏற்படும் ஏற்றத்தாழ்வை அளக்கும் திட்ட விலக்கம் 5. ஆகவே 60 என்பது சராசரியிலிருந்து இரண்டு விலக்கம் தள்ளி நிற்கிறது. 60-ம் அதற்கு மேலும், அல்லது 40-ம் அதற்குக் கீழும் விழுவதற்கு, ஈருறுப்புப் பரவலின்படி, நூற்றுக்கு ஏறக்குறைய 6 வாய்ப்பு உண்டு. ஒருவனை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சற்று அபூர்வந்தான். ஆனால் நான் புரட்டியது 40 தாள்களை. அத்தனை பேரில் இரண்டு பேருக்காவது அப்படி விழும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். ஒருவருக்குமே விழாதிருந்தால் அல்லவா நான் புருவத்தை உயர்த்தியிருக்க வேண்டும்! தொடர்ந்து வந்த பூக்களின் கதையும் அவ்வாறே. 100 முறை சுண்டுகிறவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு, பூவோ தலையோ ஆறு முறையாவது அடுத்தடுத்து விழவே செய்யும்.

உண்மையான விபரீதம் வேறிடத்தில் இருந்தது. பதினொரு தாள்களில் சரியாக 50 பூ, 50 தலை. பார்வைக்கு அதைவிடச் சாதுவான விடை கிடையாது. ஆனால் சரியாக 50 விழும் வாய்ப்பு நூற்றுக்கு 8 மட்டுமே. 40 பேரில் மூன்று பேருக்குக் கிடைக்கலாம், ஐந்து பேருக்குக்கூடக் கிடைக்கலாம். பதினொரு பேருக்குக் கிடைப்பது ஆயிரத்தில் ஒரு முறைகூட எதிர்பார்க்கத் தகாதது. மறுநாள் வகுப்பினர் முன்னிலையில் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோது எட்டுப் பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து சில நியமங்களைக் கைக்கொண்டிருக்கிறேன். ஒரு விளைவு விசித்திரமானதா என்று கேட்குமுன், விசித்திரம் ஏதும் இல்லாவிட்டால் எவை எவை எவ்வளவு அடிக்கடி விளையும் என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். கண்ணால் கண்ட பிறகு எழுதினால் கை தானாகவே சந்தேகத்தின் பக்கம் சாயும். குறிப்பிட்ட அந்த எண்ணின் வாய்ப்பை மட்டும் பார்த்து அதிசயிக்கலாகாது. 50 என்ற மிகச் சாதாரண விடைக்கே வாய்ப்பு 8 சதவீதந்தான் என்பதால், 'இவ்வளவோ இதற்கும் மேலோ' விலகுவதற்கு என்ன வாய்ப்பு என்றே கேட்க வேண்டும். எத்தனை இடங்களில் தேடி அந்த ஒன்றைக் கண்டெடுத்தோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து மாண்டவர்களைப் பற்றி 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் வெளியிட்ட கணக்கு இதற்கு நல்ல திருஷ்டாந்தம். பத்துப் படைப்பிரிவுகளின் இருபது வருஷக் கணக்கில், ஆக 200 பதிவுகளில், மொத்தம் 122 மரணங்கள். 109 பதிவுகளில் ஒருவரும் சாகவில்லை, ஒரே ஒரு பதிவில் மட்டும் நால்வர் இறந்திருந்தார்கள். அந்த ஒன்றைத் தனியே பார்க்கிறவன் லாயத்து அதிகாரியைத் தண்டிக்கக் கிளம்பிவிடுவான். அரிய சம்பவங்களுக்குரிய பாய்சான் பரவலோ, 200 பதிவுகளில் அப்படி ஒன்று நேர்வது இயல்பே என்று அவன் கையைப் பிடித்து நிறுத்தும்.

அளவுக்கு மீறிய ஒழுங்கையும் சந்தேகிக்க வேண்டும். மரபியலின் முன்னோடி மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் செடிக் கணக்குகள், யதேச்சையான ஏற்றத்தாழ்வு அனுமதிப்பதைவிட அதிகமாக எதிர்பார்ப்புடன் ஒட்டிப்போகின்றன என்று 1936-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் எழுதியது அந்த வகையான சந்தேகந்தான். எனினும், அபூர்வம் என்பது விசாரணைக்குக் காரணமாகுமே அன்றித் தீர்ப்பாகாது. என் வகுப்பில் 50 எழுதிய பதினொரு பேரில் மூன்று பேர் உண்மையாகவே சுண்டியிருந்தார்கள்.

அடுத்த வருஷம் முதல் மாணவர்கள் உஷாராகிவிட்டார்கள். சுண்டாதவர்கள் 50-ஐ விட்டு 47, 53 என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். நானும் மொத்தத்தைப் பார்ப்பதை விட்டு வரிசையைப் பார்க்கத் தொடங்கினேன். மனத்தால் எழுதுகிறவனுக்கு, தொடர்ந்து ஆறு பூ எழுத லேசில் துணிவு வருவதில்லை. நான்காவது பூவிலேயே அவன் கை நடுங்கித் தலையைத் தேடுகிறது.