கோதுமை பிஸ்கட்டில் மைதா எங்கே ஒளிந்திருக்கிறது?

"கோதுமை பிஸ்கட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். "அத்தை, இதில் மைதாதான் அதிகம்" என்கிறாள் மருமகள். உண்மையா?
– வாசகி, திண்டுக்கல்

தீர்ப்பு மருமகள் பக்கம் சாயத்தான் வாய்ப்பு அதிகம், அம்மா. அவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்!

பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளார்' என்றிருந்தால் அது சாட்சாத் மைதாவேதான். மைதாவும் கோதுமையில் பிறந்ததுதானே, அதனால் பெயரில் கோதுமை ஒட்டிக்கொள்கிறது. கோதுமை மாவைப் பெருமையாகச் சொல்லி விற்றால், அது எத்தனை சதவீதம் என்றும் பட்டியலில் போட்டாக வேண்டும். அந்த எண்ணைத் தேடுங்கள். பழுப்பு நிறத்தை நம்ப வேண்டாம், 'ஐ.என்.எஸ். 150' என்று தொடங்கும் கேரமல் நிறமியும் அந்த வேலையைச் செய்யும்.

சர்க்கரைக்குப் புனைபெயர்கள் உண்டு: இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். 'ஆடட் ஷுகர்ஸ்' என்ற வரியில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள், குட்டு வெளிப்படும். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கணக்கு நமக்கு உதவாது. இரண்டு பிஸ்கட்டோடு யார் நிறுத்துகிறார்கள்?

பழச்சாறு வாங்கும்போதும் இதே பார்வை இருக்கட்டும். அடர்சாற்றில் தண்ணீர் கலந்துவிட்டு '100% பழச்சாறு' என்று போடக் கூடாதென்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட வேண்டியதாயிற்று.

எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லையா? செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.